'எக்ஸைட்டட்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் அன்றாடப் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

'எக்ஸைட்டட்' தமிழ் பேசுபவர்களுக்குப் புதிய சொல் அல்ல. 'செம எக்ஸைட்டடா இருக்கேன்', 'ஒரே எக்ஸைட்மென்ட்', 'ரொம்ப எக்ஸைட் ஆகாதே' என்று தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே அது குடியேறிவிட்டது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல்லை எப்படி வளைத்தாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதே பழக்கத்தோடு முழு ஆங்கில வாக்கியம் பேசும்போது 'ஐ ஆம் எக்ஸைட்டிங்', 'ஐ எக்ஸைட்டட்', 'இட் இஸ் வெரி எக்ஸைட்மென்ட்' என்று வந்துவிடுகிறது. தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள்.

இலக்கணப் புத்தகத்தை இன்னொரு முறை படிப்பதால் இது தீராது என்பது என் உறுதியான எண்ணம். தமிழில் உணர்வை நாம் எப்படிச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் படியுங்கள். மூன்றாவது, நான்காவது படிகளில் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

படி 1: முதலில் பொருளைப் பிடியுங்கள்

அகராதியைத் திறந்தால் 'கிளர்ச்சியடைந்த', 'பரவசமான', 'எழுச்சியுற்ற' என்றெல்லாம் இருக்கும். இவற்றை வைத்து ஒரு சாதாரண வாக்கியம் பேசிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. கிளர்ச்சி என்றதும் இன்று நமக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. பரவசம் என்பது தன்னை மறந்த நிலை. நாளைக்குப் பயணம் போகப்போகும் குழந்தையின் துள்ளலுக்கு அது பொருந்தாது.

சொல்லின் வேர் இங்கே நன்றாக உதவும். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கிடாரே' என்றால் அசைத்துக் கிளப்புவது. இரண்டும் சேர்ந்த 'எக்ஸ்கிடாரே' என்ற வினை, தூண்டி எழுப்புவதைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'தூண்டிவிடு, கிளப்பிவிடு' என்பதே பொருள். நின்றுபோன மூச்சை மீட்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் 'ரிசஸிட்டேட்', கலகத்துக்குத் தூண்டுவதைச் சொல்லும் 'இன்சைட்' இரண்டும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. இயற்பியலில் இந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஆற்றலைப் பெற்று மேல்மட்டத்துக்குத் தாவினால் அந்த அணு 'எக்ஸைட்டட் ஸ்டேட்'டில் இருப்பதாகச் சொல்வார்கள். எலக்ட்ரான் திரும்பக் கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளியேறும். நியான் விளக்கின் செம்மஞ்சள் ஒளி இப்படி வருவதுதான்.

மனிதருக்கும் அதே பொருள்தான். 'எக்ஸைட்டட்' என்றால் ஏதோ ஒன்றால் எழுப்பிவிடப்பட்ட நிலை. எழுப்பும் பொருள் ஒன்று, எழுப்பப்பட்ட ஆள் ஒருவர் என்ற இந்த இரட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா விதிகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

தமிழில் இதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேடாதீர்கள். இடத்துக்குத் தகுந்தபடி ஆவல், உற்சாகம், குதூகலம், பரபரப்பு எல்லாமே வரும். எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது 'இருப்புக் கொள்ளவில்லை' என்ற வழக்குதான். உடலில் ஒரு துடிப்பு, மனம் வரப்போகும் ஒன்றின்மேல், ஓரிடத்தில் உட்கார முடியவில்லை: எக்ஸைட்டட் என்பது கிட்டத்தட்ட முழுமையாக இதற்குள் அடங்கிவிடுகிறது.

மகிழ்ச்சியிலிருந்து இது வேறுபடும் இடமும் அதுவே. தேர்வு முடிந்து நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் 'ஹேப்பி'. நாளை விடுமுறைப் பயணம் என்று பெட்டி கட்டுபவர் 'எக்ஸைட்டட்'. வேலை கிடைத்த செய்தி வந்ததும் 'ஐ ஆம் ஸோ எக்ஸைட்டட்' என்கிறார்களே, அது நடந்து முடிந்த செய்தி அல்லவா என்று கேட்கலாம். செய்தி முடிந்தது, வேலை இனிமேல்தான் தொடங்கப்போகிறது. மனம் அங்கே ஓடிவிட்டதால் அந்தச் சொல் பொருந்துகிறது.

படி 2: உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும்

தமிழில் 'எக்ஸைட்டட்' என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் ஒலி கொஞ்சம் வேறு. முதல் அசை 'எக்' அல்ல, குறுகிய 'இக்'. அழுத்தம் முழுவதும் நடு அசையில்: இக்-ஸை-டிட். எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்வது நம் பழக்கம். 'ஸை'யை மட்டும் சற்று உயர்த்தி, நீட்டிச் சொன்னாலே ஒலி சரியாகிவிடும். அமெரிக்கர் பேச்சில் நடுவில் வரும் ட மெலிந்து, ரகரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அதைப் போலப் பேச வேண்டிய அவசியமில்லை, கேட்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

'எக்ஸைட்மென்ட்' சொல்லுக்கும் அழுத்தம் அதே இடத்தில்தான்: இக்-ஸைட்-மென்ட். 

எழுதும்போது பலர் விட்டுவிடுவது எக்ஸுக்குப் பின்னால் வரும் சி எழுத்தை. இ, எக்ஸ், சி, ஐ, டி, இ, டி என்று கூட்ட வேண்டும். 'எக்ஸலன்ட்', 'எக்ஸெப்ட்', 'எக்ஸீட்' ஆகியவற்றிலும் இதே போல எக்ஸுக்குப் பின் சி வரும்.

படி 3: எக்ஸைட்டட், எக்ஸைட்டிங் – குழப்பத்தின் வேர்

இதுதான் முக்கியமான படி.

எழுப்பப்பட்ட ஆளுக்கு 'எக்ஸைட்டட்'. எழுப்பும் பொருளுக்கு 'எக்ஸைட்டிங்'. 'த மேட்ச் இஸ் எக்ஸைட்டிங்' என்றால் ஆட்டம் நம்மைத் துடிக்க வைக்கிறது. 'ஐ ஆம் எக்ஸைட்டட்' என்றால் துடித்துக்கொண்டிருப்பது நான். 'ஐ ஆம் எக்ஸைட்டிங்' என்று சொன்னால் 'என்னைப் பார்த்தாலே மற்றவர்களுக்குச் சிலிர்க்கும், அப்படிப்பட்ட ஆள் நான்' என்று பொருளாகிவிடும்.

படிக்கும்போது எளிதாகத் தெரியும் இது பேசும்போது ஏன் தவறுகிறது? மூன்று காரணங்கள், மூன்றும் தமிழிலிருந்து வருபவை.

ஒன்று, நம் பெயரடைகள் இரண்டு பக்கமும் பொருந்தும். 'உற்சாகமான சிறுவன்' என்கிறோம், 'உற்சாகமான விளையாட்டு' என்றும் சொல்கிறோம். உணர்பவனுக்கும் உணர வைப்பதற்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை: 'அன் எக்ஸைட்டட் பாய்', 'அன் எக்ஸைட்டிங் கேம்' என்று பிரித்தே ஆக வேண்டும்.

இரண்டு, உணர்வுகளை நாம் பெரும்பாலும் 'எனக்கு' என்று தொடங்கிச் சொல்கிறோம். எனக்கு ஆவலாக இருக்கிறது, எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. இங்கே உணர்வு ஒரு தனிப் பொருளைப் போல என்னிடம் வந்து நிற்கிறது. நான் எழுவாய் அல்ல. இதை அப்படியே மாற்றும்போது 'இட் இஸ் எக்ஸைட்டட் ஃபார் மீ' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் உணர்பவரே எழுவாய். ஆகவே 'எனக்கு' என்று மனம் தொடங்கினால் வாய் 'ஐ ஆம்' என்று தொடங்க வேண்டும். இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். போர்டு, டயர்டு, கன்ஃப்யூஸ்டு, இன்ட்ரஸ்டட் என்று இதே வகைச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

மூன்று, தமிழோடு கலந்து பேசும்போது ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 'ஆகு', 'பண்ணு' சேர்ப்பது நம் வழக்கம். 'நான் எக்ஸைட் ஆயிட்டேன்' என்பது பேச்சுத் தமிழில் சரியாகவே ஒலிக்கிறது. அதிலிருந்து 'ஆயிட்டேன்' என்பதைக் கழற்றிவிட்டு ஆங்கிலமாக்கினால் 'ஐ எக்ஸைட்டட்' என்று நிற்கிறது. ஆனால் ஆங்கில 'எக்ஸைட்' ஒரு செயப்படுபொருள் வேண்டும் வினை. யாரை எழுப்பினாய் என்ற கேள்வி தொக்கி நிற்கும். நீங்கள் சொல்ல வந்தது 'ஐ வாஸ் எக்ஸைட்டட்' அல்லது 'ஐ காட் எக்ஸைட்டட்'. ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தேன் என்றால் 'வாஸ்'. அந்த நொடியில் அப்படி ஆனேன் என்றால் 'காட்'. தமிழில் 'இருந்தேன்', 'ஆனேன்' என்று நாம் பிரிப்பதும் இப்படித்தான், எனவே இந்த இடத்தில் தமிழ் உங்களுக்குத் துணை.

ஒரு சின்ன விலக்கு. மனிதர்களுக்கு 'எக்ஸைட்டிங்' வரவே கூடாது என்று சில வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அது சரியல்ல. பார்ப்பவரைத் துடிக்க வைக்கும் ஆட்டக்காரரை 'அன் எக்ஸைட்டிங் ப்ளேயர்' என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கே அவர் எழுப்பும் பொருளாக நிற்கிறார். ஆளா, பொருளா என்று பார்க்காதீர்கள்; எழுப்புகிறாரா, எழுப்பப்பட்டாரா என்று பாருங்கள்.

படி 4: பின்னால் என்ன வரும்?

'எக்ஸைட்டட்' சொல்லிவிட்டோம். எதைப் பற்றி என்று சொல்ல அடுத்து எந்தச் சொல்லைப் போடுவது? இங்கே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க வேண்டாம். முதல் இரண்டு வந்துவிட்டால் அன்றாடத் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும்.

'அபவுட்' எப்போதும் பாதுகாப்பானது. நம் 'பற்றி'க்கு இணை. பின்னால் ஒரு பெயர் வரலாம்: 'ஐ ஆம் எக்ஸைட்டட் அபவுட் த ட்ரிப்'. வினையாக இருந்தால் 'இங்' சேர்க்க வேண்டும்: 'ஐ ஆம் எக்ஸைட்டட் அபவுட் மீட்டிங் ஹர்'.

'டு' வந்தால் பின்னால் வெறும் வினை: 'ஐ ஆம் எக்ஸைட்டட் டு மீட் ஹர்'. 'எக்ஸைட்டட் டு மீட்டிங்' என்பது தவறு. இந்தத் தவறுக்கு ஒரு காரணம் உண்டு. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று கடிதங்களில் பார்த்துப் பழகியிருப்போம், அங்கே 'இங்' வருவது சரி. இரண்டும் பொருளில் நெருக்கமானவை என்பதால் ஒன்றின் வால் இன்னொன்றில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே தாளில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, சில தடவை வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும்.

முழுச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்றால் 'தட்': 'ஐ ஆம் எக்ஸைட்டட் தட் யூ ஆர் கமிங்', நீ வருவதில் எனக்கு அவ்வளவு ஆவல். பேச்சில் இந்த 'தட்' பெரும்பாலும் விழுந்துவிடும்.

எழுப்பியது எது என்பதை வலியுறுத்த 'பை': 'ஷி வாஸ் எக்ஸைட்டட் பை த ஐடியா'. நம் 'ஆல்' உருபைப் போல. அந்த யோசனையால் அவள் உற்சாகமடைந்தாள். செய்தி, வாய்ப்பு போன்றவற்றுக்கு 'அட்' வரும்: 'எக்ஸைட்டட் அட் த நியூஸ்'. இது கொஞ்சம் எழுத்து நடை.

'ஃபார்' மட்டும் கவனம் கேட்கிறது. அதன் உறுதியான பயன், இன்னொருவருக்காக மகிழ்வது. தங்கைக்கு நல்ல செய்தி வந்திருக்கிறது, 'ஐ ஆம் ஸோ எக்ஸைட்டட் ஃபார் ஹர்'. ஆனால் 'எக்ஸைட்டட் ஃபார் த வீக்கெண்ட்' என்று 'அபவுட்' வர வேண்டிய இடத்திலும் இப்போது பலர் சொல்கிறார்கள், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில். நண்பர்களிடம் அப்படிச் சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் 'அபவுட்' எழுதுங்கள்.

படி 5: எக்ஸைட்மென்ட், எக்ஸைட்

'எக்ஸைட்மென்ட்' பெயர்ச்சொல், உணர்வின் பெயர். நம் பேச்சில் 'எக்ஸைட்மென்ட்டா இருக்கு' என்று அதைப் பெயரடையாக்கிவிடுகிறோம். அதிலிருந்துதான் 'இட் இஸ் வெரி எக்ஸைட்மென்ட்' பிறக்கிறது. 'வெரி' பெயர்ச்சொல்லின் முன் நேரடியாக நிற்காது. பொருளைப் பற்றிச் சொல்வதானால் 'இட் இஸ் வெரி எக்ஸைட்டிங்', உங்களைப் பற்றிச் சொல்வதானால் 'ஐ ஆம் வெரி எக்ஸைட்டட்'.

உணர்வு என்ற பொருளில் இது எண்ண முடியாத பெயர்; 'அன் எக்ஸைட்மென்ட்' என்றோ 'மெனி எக்ஸைட்மென்ட்ஸ்' என்றோ சொல்வதில்லை. கூடுதலைக் காட்ட 'கிரேட் எக்ஸைட்மென்ட்', 'ஸோ மச் எக்ஸைட்மென்ட்' என்பார்கள். 'பிக் எக்ஸைட்மென்ட்' செயற்கையாக ஒலிக்கும். இதோடு இயல்பாகச் சேரும் வினைகளைத் தெரிந்துகொண்டால் பேச்சு சட்டென்று இயல்பாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதற்கு 'பில்ட்', அடங்குவதற்கு 'டை டவுன்', புதுமை போய்த் தேய்வதற்கு 'வேர் ஆஃப்'. மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் 'ஐ குடுன்ட் ஹைட் மை எக்ஸைட்மென்ட்'. அவசரத்தில் எதையாவது மறந்துவிட்டால் 'இன் ஆல் த எக்ஸைட்மென்ட், ஐ ஃபர்காட் மை கீஸ்'. இந்தக் கடைசி வாக்கியம் நமக்கு அடிக்கடி தேவைப்படும். அந்தப் பரபரப்பில் சாவியை மறந்துவிட்டேன் என்பதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

'எக்ஸைட்' என்ற வெறும் வினை அன்றாடப் பேச்சில் குறைவு. 'த ஐடியா எக்ஸைட்ஸ் மீ' என்று சொல்லலாம். எழுத்து நடையில் ஆர்வம், ஐயம் முதலியவற்றைக் கிளப்புவதற்கு வரும்: 'எக்ஸைட் க்யூரியாசிட்டி', 'எக்ஸைட் சஸ்பிஷன்'. சந்தேகத்துக்குக்கூட இந்த வினை வருவதைக் கவனித்தீர்களா? 'கிளப்பிவிடு' என்ற பழைய பொருள்தான் இங்கே வேலை செய்கிறது, மகிழ்ச்சி அல்ல.

படி 6: எவ்வளவு எக்ஸைட்டட்?

'வெரி', 'ஸோ', 'ரியலி' மூன்றும் தயக்கமில்லாமல் முன்னால் வரும். 'ஸோ' பேச்சில் அதிக உணர்ச்சியோடு ஒலிக்கும். 'சூப்பர் எக்ஸைட்டட்' நண்பர்களோடு மட்டும். ஒப்பிட 'மோர் எக்ஸைட்டட்'.

'டூ' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ரொம்ப' என்ற பொருளில் நம்மில் பலர் 'ஐ ஆம் டூ எக்ஸைட்டட்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'டூ' என்றால் அளவுக்கு மீறி, அதனால் ஏதோ ஒன்று கெடுகிறது என்று பொருள். 'ஐ வாஸ் டூ எக்ஸைட்டட் டு ஸ்லீப்', ஆவல் தாங்காமல் தூக்கமே வரவில்லை. பின்னால் கெடும் காரியம் எதுவும் இல்லை என்றால் 'ஸோ' போதும்.

இதைவிடப் பெரிய உணர்வுக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் அழகானது 'த்ரில்டு'. பழைய ஆங்கிலத்தில் துளைப்பது என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து இது வந்தது. மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பகுதியும் அந்தத் துளைதான். உணர்வு உடலை ஊடுருவிச் செல்கிறது என்ற எண்ணம். நம் 'மெய்சிலிர்ப்பு' இதற்கு மிக அருகில் நிற்கிறது. 'எக்ஸைட்டட்' முன்னோக்கிப் பார்க்கும்; 'த்ரில்டு' பெரும்பாலும் கைக்கு வந்துவிட்ட நல்லதைப் பார்த்துச் சொல்வது. 'ஐ ஆம் த்ரில்டு வித் த ரிசல்ட்' என்றால் முடிவில் முழுத் திருப்தி. இதற்கும் மேலே 'எக்ஸ்டேட்டிக்', அதுதான் உண்மையில் பரவசம். கிரேக்க மூலத்தில் தன்னைவிட்டு வெளியே நிற்பது என்று பொருள். இத்தகைய உச்சச் சொற்களுக்கு முன்னால் 'வெரி'யைவிட 'அப்சொல்யூட்லி' இயல்பாக ஒலிக்கும்.

பேச்சுவழக்கில் இன்னும் இருக்கின்றன. பிரிட்டிஷார் 'ஓவர் த மூன்' என்பார்கள், நமக்குக் 'கால் தரையில் பாவவில்லை' என்பது போல. அமெரிக்க இளைஞர்கள் 'பம்ப்டு', 'ஸைக்டு', 'ஸ்டோக்டு' என்பார்கள். இவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். எல்லோருக்கும் எல்லா இடத்திலும் பொருந்துவது 'ஐ கான்ட் வெயிட்' என்ற எளிய வாக்கியம்தான். காத்திருக்க முடியாது என்ற முறைப்பு அல்ல அது. எப்போது வரும் என்று இருக்கிறது என்ற ஆவல்.

பக்கத்துச் சொற்களில் 'ஈகர்' என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. செய்யத் துடிக்கும் விருப்பம் 'ஈகர்'. அது அமைதியாகவும் இருக்கலாம். 'என்தூஸியாஸ்டிக்' நீடித்த ஈடுபாடு, ஆளின் குணத்தையே சொல்லலாம். 'எக்ஸைட்டட்' அந்த நேரத்துத் துடிப்பு, வந்து போவது. அடிக்கடி துடிக்கும் சுபாவம் என்றால் 'எக்ஸைட்டபிள்', அது எப்போதும் பாராட்டு அல்ல.

படி 7: எங்கே தவிர்க்க வேண்டும்?

துக்கமான, கனமான செய்திகளில் இந்தச் சொல் வரவே கூடாது. 'உங்கள் அறுவைச் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ள ஆவல்' என்ற பொருளில் 'எக்ஸைட்டட் டு ஹியர் அபவுட் யுவர் சர்ஜரி' என்று எழுதினால் மனம் புண்படும். அங்கே 'கன்சர்ன்ட்' போன்ற அக்கறைச் சொல் வேண்டும். மருத்துவமனையில் ஒரு நோயாளியை 'எக்ஸைட்டட்' என்று குறித்தால் அவர் நிலைகொள்ளாமல் கொந்தளிக்கிறார் என்று பொருள், மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று அல்ல.

வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எக்ஸைட்டட் டு அப்ளை' என்று தொடங்குவது இன்று பரவலாக இருக்கிறது. தவறில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த வேலையில் எது உங்களை ஈர்த்தது என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் சொல் வெறுமையாக நிற்கும். மரபான நிறுவனம், மூத்த அதிகாரி என்றால் 'ஐ உட் பி டிலைட்டட்', 'ஐ ஆம் கீன் டு' என்பவை அடக்கமாக இருக்கும். எழுதும்போது ஒரு ஆச்சரியக்குறி போதும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆளை நோக்கி 'யூ எக்ஸைட் மீ' என்று சொன்னால் அது உடல் ஈர்ப்பைக் குறிப்பதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும். ஆசிரியரிடமோ உடன் பணிபுரிபவரிடமோ நல்லெண்ணத்தில் சொன்னாலும் சங்கடமாகிவிடும். 'ஐ ஆம் எக்ஸைட்டட் டு வொர்க் வித் யூ' என்று, செய்யப்போகும் வேலையை நோக்கித் திருப்பிவிடுங்கள். அப்புறம் எந்தக் குழப்பமும் இல்லை.

எதிர்மறை வழக்குகள் இரண்டு. 'டோன்ட் கெட் டூ எக்ஸைட்டட்' என்றால் ரொம்ப நம்பிக்கை வைக்காதே, இன்னும் உறுதியாகவில்லை என்ற எச்சரிக்கை. 'நத்திங் டு கெட் எக்ஸைட்டட் அபவுட்' என்றால் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை.

படி 8: பதற்றமா, ஆவலா?

மேடையேறும் முன் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதை 'நெர்வஸ்' என்பதா, 'எக்ஸைட்டட்' என்பதா? உடலளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் 1980இல் உணர்வுகளை ஒரு வட்டத்தில் அடுக்கிக் காட்டினார். இனிமையா, கசப்பா என்பது ஒரு அச்சு. உடல் எழுச்சி கூடவா, குறைவா என்பது இன்னொரு அச்சு. அதில் பதற்றமும் ஆவலும் எழுச்சி கூடிய பக்கத்திலேயே இருக்கின்றன. வேறுபாடு இனிமை அச்சில் மட்டும்தான்.

இதனால் ஒரு நடைமுறைப் பயன் கிடைக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது என்று பதற்றம் தரும் வேலைகளுக்கு முன்னால் மக்கள் தங்கள் உணர்வுக்கு என்ன பெயர் கொடுத்துக்கொண்டால் என்ன பலன் என்று சோதித்தார். பேச்சுச் சோதனையில் 'ஐ ஆம் காம்' (நான் அமைதியாக இருக்கிறேன்) என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'ஐ ஆம் எக்ஸைட்டட்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஏற்கெனவே எழும்பிவிட்ட உடலை அமைதிப்படுத்துவது கடினம். அந்த எழுச்சிக்கு வேறு பெயர் கொடுப்பது எளிது. ஆங்கிலத்தில் பேசப் பயந்து நடுங்குபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். அந்த வாக்கியமே உங்களுக்கு உச்சரிப்புப் பயிற்சியும் ஆகிவிடும்.

பேச்சில் இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் மிக இயல்பு: 'ஐ ஆம் நெர்வஸ் பட் எக்ஸைட்டட்'. நேர்காணலுக்கு முன், புது ஊருக்குக் குடிபோகும் முன், முதல் குழந்தைக்குக் காத்திருக்கும்போது இதைவிட உண்மையான வாக்கியம் கிடைப்பது அரிது.

படி 9: வாயில் வர வைப்பது

உங்கள் வாழ்க்கையில் அடுத்து வரப்போகும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி 'எனக்கு ஆவலாக இருக்கிறது' என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். 'எனக்கு' என்பதை 'ஐ ஆம்' ஆக்குங்கள். 'எக்ஸைட்டட்' சேருங்கள். பிறகு அதே செய்தியை 'அபவுட்' போட்டு ஒருமுறை, 'டு' போட்டு ஒருமுறை, கடைசியில் பொருளை எழுவாயாக்கி 'எக்ஸைட்டிங்' போட்டு ஒருமுறை. உதாரணத்துக்குப் புது வேலை என்று வைத்துக்கொள்வோம்: 'ஐ ஆம் எக்ஸைட்டட் அபவுட் மை நியூ ஜாப். ஐ ஆம் எக்ஸைட்டட் டு ஸ்டார்ட். மை நியூ ஜாப் சவுண்ட்ஸ் எக்ஸைட்டிங்.' நாளுக்கு ஒரு செய்தி போதும். எழுதுவதைவிட வாய்விட்டுச் சொல்வதுதான் இங்கே பலன் தரும், ஏனென்றால் பிழை நடப்பது வாயில்.

அப்புறம் இந்த வாக்கியங்களைத் திருத்திப் பாருங்கள். 'மை பிரதர் இஸ் வெரி எக்ஸைட்டிங் டு ஸீ யூ.' தம்பி எழுப்பப்பட்டவன், ஆகவே 'எக்ஸைட்டட் டு ஸீ யூ'. 'ஐ எக்ஸைட்டட் வென் ஐ ஹர்ட் த நியூஸ்.' அந்த நொடியில் ஆனது, ஆகவே 'ஐ காட் எக்ஸைட்டட்'. 'வீ ஆர் எக்ஸைட்டட் டு ஜாயினிங்.' 'டு ஜாயின்' அல்லது 'அபவுட் ஜாயினிங்', இரண்டில் ஒன்று. 'த ஸ்டோரி வாஸ் ஸோ எக்ஸைட்டட்.' கதை எழுப்பும் பொருள், ஆகவே 'எக்ஸைட்டிங்'. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அடுத்தவர் தன் ஆவலைச் சொல்லும்போது பதில் சொல்வது. நம்மில் பலர் 'ஓகே', 'குட்' என்று நிறுத்திவிடுகிறோம், அது ஆர்வமில்லாதது போலக் கேட்கும். 'ஹவ் எக்ஸைட்டிங்!' என்பது எப்போதும் பொருந்தும் பதில். அவர் சொன்ன செய்தியைப் பற்றியது என்பதால் இங்கே 'இங்'. நெருங்கியவர் என்றால் 'ஐ ஆம் ஸோ எக்ஸைட்டட் ஃபார் யூ'. இரண்டுக்கும் பின்னால் 'வென் டு யூ ஸ்டார்ட்?', 'ஹூ இஸ் கோயிங் வித் யூ?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். தன்னை எழுப்பிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேச யாருக்கும் அலுக்காது. அவர் பேசப் பேச, இந்தச் சொல்லை அவர் எங்கெங்கே எப்படி வைக்கிறார் என்று உங்கள் காதும் கேட்டுக்கொண்டிருக்கும்.